குறைந்த தண்டனையைப் பரிந்துரைப்பதாகக் கையெழுத்திட்ட அரசு வழக்கறிஞர், தண்டனை நாளில் கடுமையாகப் பேசினால் அது ஒப்பந்த மீறலா?

கேள்வியின் சாரம் இது. அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அதற்கு ஈடாக, தண்டனை வழிகாட்டு நெறிகள் (குற்றத்தின் கடுமையையும் குற்ற வரலாற்றையும் புள்ளிகளாகக் கணக்கிட்டு, இத்தனை முதல் இத்தனை மாதம் வரை என்று சொல்லும் விதிகள்) காட்டும் வரம்பின் கீழ்முனையைப் பரிந்துரைப்பதாக அரசுத் தரப்பு எழுதிக் கொடுத்திருக்கிறது. தண்டனை விசாரணையில் அரசு வழக்கறிஞர் எழுந்து, “கீழ்முனையைப் பரிந்துரைக்கிறோம்” என்று ஒரே வரி சொல்லிவிட்டு, அதன்பின் நெடுநேரம் குற்றத்தின் கொடூரத்தையும் பழைய வழக்குகளையும் அடுக்குகிறார். நீதிபதி மேல்முனைத் தண்டனையை விதித்துவிடுகிறார். சொல்ல வேண்டிய வரியைச் சொல்லியாயிற்று என்கிறது அரசு. இது மீறலா, இல்லையா?

மீறலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கும்: தாளில் எழுதியிருந்த வாக்குறுதியின் சரியான சொற்கள், அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தாரா என்பது. இரண்டாவதைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். மேல்முறையீட்டில் வழக்குகள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

அடித்தளம் 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சான்டோபெல்லோ எதிர் நியூயார்க் வழக்கு. சூதாட்டம் தொடர்பான இரண்டு பெரிய குற்றச்சாட்டுகளை எதிர்கொண்டவர், அதிகபட்சம் ஓராண்டு சிறை கொண்ட ஒரு சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை பற்றி எந்தப் பரிந்துரையும் செய்வதில்லை என்பது அரசுத் தரப்பு கொடுத்த வாக்கு. மாதங்கள் ஓடின, தண்டனை நாளில் வேறொரு அரசு வழக்கறிஞர் வந்தார். முந்தையவர் கொடுத்த வாக்கு அவருக்குத் தெரியாது. அதிகபட்ச ஓராண்டையும் கேட்டார். எதிர்த்தரப்பு உடனே ஆட்சேபித்தது. நீதிபதியோ, “அரசு வழக்கறிஞர் சொன்னது என்னைப் பாதிக்கவில்லை, புரொபேஷன் அறிக்கையே போதும்” என்று சொல்லி ஓராண்டை விதித்தார். (தண்டனைக்கு முன் குற்றவாளியின் பின்னணி பற்றி நீதிமன்றத்தின் புரொபேஷன் அதிகாரி தயாரிக்கும் அறிக்கை அது.)

உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. குற்ற ஒப்புதல் அரசு வழக்கறிஞரின் வாக்குறுதியைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு நம்பி நின்றால், அந்த வாக்குறுதி நிறைவேற்றப்பட்டே ஆக வேண்டும் என்றது. இந்த வழக்கிலிருந்து மூன்று முடிவுகள் இன்றும் அன்றாடம் பயன்படுகின்றன. தெரியாமல் நடந்த மீறலும் மீறல்தான். ஒரு வழக்கறிஞர் கொடுத்த வாக்கு அந்த அலுவலகத்தையே கட்டுப்படுத்தும். “நான் அதைப் பொருட்படுத்தவில்லை” என்று நீதிபதி சொல்வதால் மீறல் மறைந்துவிடாது. உரிய நேரத்தில் ஆட்சேபிக்கப்பட்ட மீறலில், தண்டனை எவ்வளவு கூடியது என்று நிரூபிக்கத் தேவையில்லை. அரசு வாக்குத் தவறியது என்பதே தீங்கு.

இது சில வழக்குகளுக்கான சட்டம் அல்ல. 2012-இல் மிசூரி எதிர் ஃப்ரை தீர்ப்பு எடுத்துக்காட்டிய கணக்கின்படி, ஃபெடரல் குற்றத் தீர்ப்புகளில் 97 சதவீதமும் மாநிலங்களில் 94 சதவீதமும் குற்ற ஒப்புதலில் வந்தவை. ஜூரி விசாரணை உரிமையை விட்டுக்கொடுத்தவருக்குக் கையில் எஞ்சுவது அந்த ஒப்பந்தத் தாள் மட்டுமே. அதனால்தான் நீதிமன்றங்கள் அதைச் சாதாரண வணிக ஒப்பந்தத்தைவிடக் கண்டிப்பாகப் படிக்கின்றன. வாசகம் இரு பொருள் தந்தால், எழுதியவர் அரசு என்பதால், அரசுக்கு எதிராகவே பொருள் கொள்ளப்படும்.

அடுத்து, வாக்குறுதியின் வகை. ‘அரசு குறைவாகக் கேட்பதாகச் சொன்னது’ என்று பொதுவாகப் பேசினால் எந்த வாதமும் நிற்காது. தாளை எடுத்து வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘பரிந்துரைக்கும்’ என்று இருக்கிறதா, ‘எதிர்க்காது’ என்று இருக்கிறதா, ‘எந்த நிலைப்பாடும் எடுக்காது’ என்று இருக்கிறதா? மூன்றும் வேறு வேறு. பரிந்துரைப்பதாகச் சொன்னவர் வாய் திறந்து பரிந்துரைக்க வேண்டும். எதிர்க்கமாட்டேன் என்றவர் ஆதரிக்கத் தேவையில்லை, ஆனால் எதிர்ப்பை மறைமுகமாகவும் காட்டக் கூடாது. நிலைப்பாடு எடுக்கமாட்டேன் என்றவருக்கு இடம் மிகவும் குறுகியது. உண்மைகளைச் சொல்லலாம், ‘ஆகவே’ என்று முடிவுக்குப் போக முடியாது.

இரண்டாவதாக, எதைப் பற்றிய வாக்குறுதி? வழிகாட்டு நெறிகளின் கணக்கைப் பற்றியா, இறுதித் தண்டனையைப் பற்றியா? பொறுப்பை ஏற்றதற்காக 2 புள்ளிகள் குறைப்பதற்கும், குற்ற நிலை (குற்றத்தின் கடுமையைக் காட்டும் புள்ளிக் கணக்கு) 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் அரசின் மனுவின் பேரில் இன்னொரு புள்ளி குறைப்பதற்கும் மட்டும் அரசு சம்மதித்திருந்தால், அந்தக் கணக்கு முடிந்த பிறகு வரம்பின் மேல்முனையைக் கேட்பது மீறல் ஆகாது. நெறிகள் உச்ச நீதிமன்றத்தின் 2005 புக்கர் தீர்ப்புக்குப் பிறகு நீதிபதியைக் கட்டுப்படுத்துவதில்லை, ஆலோசனை மட்டுமே. ஆகவே வரம்புக்கு மேல் தண்டனை கேட்பது பற்றி ஒப்பந்தம் மௌனமாக இருந்தால், அரசு கேட்கலாம். வாடிக்கையாகக் காணும் ஏமாற்றம் இதுதான்: புள்ளிகளைப் பற்றி மட்டுமே பேரம் பேசிவிட்டு, மாதங்களைப் பற்றியும் பேசியதாகக் கட்சிக்காரர் நம்பியிருப்பார்.

இனி கேள்வியின் மையம்: வரியைச் சொல்லிவிட்டு அதன் காலை வாருவது.

முதலில் அரசுக்குச் சாதகமானதைச் சொல்லிவிட வேண்டும். 1985-இன் பெஞ்சிமோல் வழக்கில், புரொபேஷன் தண்டனையை (சிறைக்குப் பதிலாகக் கண்காணிப்பில் வெளியே இருப்பது) பரிந்துரைப்பதாக அரசு ஒப்புக்கொண்டிருந்தது. புரொபேஷன் அறிக்கையிலோ அரசு மௌனமாக இருக்கும் என்று தவறாக எழுதப்பட்டிருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத் திருத்திச் சொன்னபோது, அரசு வழக்கறிஞர் அது சரியே என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். உற்சாகம் இல்லை, காரணம் சொல்லவில்லை என்பது புகார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உற்சாகத்தோடு பேசுவதாகவோ காரணங்களை விளக்குவதாகவோ அரசு வாக்களித்திருக்கவில்லை. வாக்களிக்காததை நீதிமன்றம் ஒப்பந்தத்துக்குள் நுழைக்காது என்றது. ஆகவே தட்டையான குரலில் ஒரே வரியில் சொல்லப்பட்ட பரிந்துரை, அது மட்டுமே என்றால், மீறல் அல்ல.

ஆனால் உற்சாகமின்மை வேறு, எதிர்ப்பிரசாரம் வேறு. அதே தீர்ப்பிலேயே, பரிந்துரையில் தனக்கு ஒப்புதல் இல்லை என்று வெளிப்படையாகக் காட்டிக்கொண்ட அரசு வழக்கறிஞர்களின் வழக்குகள் தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டன. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அந்தக் கோட்டைத்தான் நாற்பது ஆண்டுகளாக வரைந்துவருகின்றன.

முதல் சர்க்கியூட் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வட்டாரவாரியாக எண்ணிட்ட சர்க்கியூட்கள் எனப்படும்) விசாரித்த கானடா வழக்கில் (1992, பெயர் நாட்டினுடையது அல்ல, கட்சிக்காரருடையது) 36 மாதங்கள் பரிந்துரைக்க ஒப்பந்தம். அரசு வழக்கறிஞர் 36 மாதம் என்று நேராகக் கேட்காமல், ஒப்பந்தம் இருப்பதைத் தொட்டுச் சொல்லிவிட்டு, நீண்ட சிறைவாசம் வேண்டும் என்று வலியுறுத்தினார். மீறல். அதே நீதிமன்றத்தின் கான்சி வழக்கில் (2004) 70 மாதம் என்ற எண் சொல்லப்பட்டது; ஆனால் அதைத் தொடர்ந்து, இவருக்கு ‘குறைந்தபட்சம்’ நெறிகள் சொல்வதாவது கிடைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. 70 என்பதே வரம்பின் கீழ்முனை. ‘குறைந்தபட்சம் அதுவாவது’ என்றால் அதற்கு மேலும் கொடுங்கள் என்றுதானே பொருள்? எண்ணைச் சொன்னதால் அரசு தப்பவில்லை. ஒப்பந்தத்தின் சாரத்தையே பின்வாசல் வழியாகக் கெடுத்தது மீறல் எனப்பட்டது. ‘கீழ்முனை’ என்று சொல்லிவிட்டு வேறு திசையில் வாதிட்ட உங்கள் வழக்குக்கு மிக அருகில் இருப்பது இதுவே.

இரண்டாவது சர்க்கியூட்டின் வவால் வழக்கு (2005) இன்னும் நுட்பமானது. நெறி வரம்புக்கு மேல் போகும்படி கேட்கமாட்டோம் என்பது ஒப்பந்தம். அரசு வழக்கறிஞர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்லவும் சொன்னார். ஆனால் குற்றப் பின்னணி அதிர்ச்சியூட்டுவது என்றும், காட்டும் வருத்தம் உண்மையானதா என்பது சந்தேகம் என்றும் சேர்த்துக்கொண்டார். ‘நான் கேட்கவில்லை’ என்ற முன்னுரை அந்தப் பேச்சைக் காப்பாற்றவில்லை. ஒப்பந்தம் மட்டும் இல்லாவிட்டால் எதிர்த்திருப்போம் என்று எழுத்தில் தெரிவித்ததும் மீறல் என்கிறது முதல் சர்க்கியூட்டின் கிளார்க் தீர்ப்பு (1995). நெறி வரம்பே இத்தகைய குற்றத்துக்கு மிகக் குறைவு என்று சொன்னது பத்தாவது சர்க்கியூட்டின் கச்சூச்சா வழக்கில் (2007) மீறலானது.

அரசின் வழக்கமான பதில், “உண்மைகளைத்தானே சொன்னோம்” என்பது. அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் உண்மையான பலம் உண்டு. நீதிபதி ஒருவரின் பின்னணி பற்றி எந்தத் தகவலையும் பெறலாம், அதற்குத் தடை போடக் கூடாது என்கிறது ஃபெடரல் சட்டம். நீதிமன்றத்திடம் உண்மையை மறைக்காமல் இருக்கும் கடமையும் அரசு வழக்கறிஞருக்கு உண்டு. நீதிபதி நேராகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது, எதிர்த்தரப்பு தவறாகச் சொன்ன ஒன்றைத் திருத்துவது, அறிக்கையில் விடுபட்ட முக்கியத் தகவலைத் தெரிவிப்பது, ஒப்பந்தத்துக்கும் கீழே தண்டனை கேட்கும் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்வது — இவை பொதுவாக மீறல் ஆகாது. ஒப்பந்தங்களிலும் ‘குற்றம் பற்றிய எல்லா உண்மைகளையும் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரும் உரிமை அரசுக்கு உண்டு’ என்ற வரி ஏறக்குறைய எப்போதும் இருக்கும்.

அந்த வரி எதுவரை காப்பாற்றும்? நான் முதலில் பார்ப்பது, சொல்லப்பட்டது நீதிபதிக்குப் புதிய தகவலா என்பதை. புரொபேஷன் அறிக்கையில் ஏற்கெனவே இருக்கும் பழைய வழக்குகளை மறுபடி மறுபடி, கூர்மையான அடைமொழிகளோடு சொன்னால், அதற்குத் தகவல் தரும் நோக்கம் இருக்க முடியாது. நீதிபதியின் மனத்தைத் திருப்பும் நோக்கம் மட்டுமே எஞ்சும். ஒன்பதாவது சர்க்கியூட் ஹெரிடியா வழக்கில் (2014) மீறல் கண்டது இந்தக் காரணத்தால்தான். அங்கே ஒப்புக்கொண்ட ஆறு மாதத்தைப் பரிந்துரைத்த அதே எழுத்து மனுவில் குற்ற வரலாறு திரும்பத் திரும்ப இடம்பெற்றிருந்தது. அதே நீதிமன்றத்தின் மாண்ட்ராகன் வழக்கில் (2000) அரசு எந்தப் பரிந்துரையும் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தது. பழைய குற்றங்களின் தீவிரத்தைச் சுட்டிக்காட்டியதே போதுமானதாயிற்று. அடுத்து, யார் கேட்டார்கள் என்பது. நீதிபதி கேட்டாரா, தானாகவே எழுந்தாரா? கேட்டிருந்தால், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொன்னாரா? பிறகு, சொல் வகை. தேதி, அளவு, சம்பவம் ஆகியவை உண்மைகள். ‘திருந்தாதவர்’, ‘சமூகத்துக்கு ஆபத்து’, ‘வெளியே விடக் கூடாதவர்’ என்பவை வாதங்கள். கெட்டுப்போன ஃபெட்டா பாலாடைக்கட்டி தொடர்பான மூன்றாவது சர்க்கியூட் வழக்கில் (மாஸ்காலைடிஸ், 1989), சிறைத் தண்டனை பற்றி நிலைப்பாடு எடுப்பதில்லை என்று வாக்களித்த அரசு, எழுத்து மனுவில் அவரது பேராசையையும் ஒழுக்கத்தையும் பற்றி முடிவுரை எழுதியது. உண்மை சொல்லும் உரிமை அங்கே தாண்டப்பட்டது.

பாதிக்கப்பட்டவர்களின் பேச்சு தனி. அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். தண்டனை விசாரணையில் பேசும் உரிமை அவர்களுக்கு 2004-இன் சட்டப்படி உண்டு. அவர்கள் அதிகபட்சத் தண்டனை கேட்டால் அது அரசின் மீறல் இல்லை. ஆனால் இந்த வழக்கோடு தொடர்பில்லாத, பழைய குற்றம் ஒன்றில் பாதிக்கப்பட்டவரின் அறிக்கையை அரசே தாக்கல் செய்தது ஒன்பதாவது சர்க்கியூட்டின் ஜான்சன் வழக்கில் (1999) மீறலானது. புரொபேஷன் அதிகாரியும் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர் அல்லர். அவர் அறிக்கையில் அதிகப் புள்ளி கணக்கிட்டால் அரசு அதை எதிர்க்க வேண்டுமா என்பது, ஒப்பந்தம் அந்தக் கணக்கை ஆதரிக்கச் சொல்கிறதா என்பதைப் பொறுத்தது.

கணக்குகள் ‘மதிப்பீடு’ என்று தரப்படும்போது இன்னொரு சிக்கல் வரும். நியூயார்க் பகுதியில் இது வழக்கம். இந்த எண் கட்டுப்படுத்தாது, மாறலாம் என்று எழுதியிருப்பார்கள். பல்லடினோ வழக்கில் (இரண்டாவது சர்க்கியூட், 2003) அரசு பின்னர் 6 புள்ளிகள் கூட்டிக் கேட்டது. அதற்குக் காட்டிய ஆதாரம், ஒப்புதலின்போதே அரசின் கையில் இருந்தது. ‘இப்போது அரசுக்குத் தெரிந்த தகவலின்படி’ என்ற சொற்கள் அந்த ஒப்பந்தத்தில் இருந்ததால் மீறல் நிலைத்தது. அதே நீதிமன்றத்தின் ஹப்பாஸ் வழக்கில் (2008) வாசகம் வேறு, முடிவும் வேறு. ஒரு சொற்றொடர்தான் வித்தியாசம்.

நீதிமன்றத்தில் அந்த நேரத்தில் செய்ய வேண்டியதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 2009-இல் பக்கெட் எதிர் ஐக்கிய அமெரிக்கா தீர்ப்பில், பொறுப்பேற்புக் குறைப்பை ஆதரிப்பதாக ஒப்புக்கொண்ட அரசு, கட்சிக்காரர் இடையில் இன்னொரு குற்றத்தில் ஈடுபட்டதால் அதை எதிர்த்தது. மீறல் என்பதை உச்ச நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. ஆனால் தண்டனை நீதிபதியிடம் ‘இது ஒப்பந்த மீறல்’ என்று எதிர்த்தரப்பு சொல்லியிருக்கவில்லை. அதனால் ‘வெளிப்படைப் பிழை’ என்ற கடினமான அளவுகோல் பொருந்தும் என்றது நீதிமன்றம். பிழை இருக்க வேண்டும். அது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருக்க வேண்டும். தண்டனை முடிவை அது பாதித்திருக்க வேண்டும். விட்டால் நீதித்துறையின் நேர்மைக்குக் களங்கம் என்ற நிலையும் வேண்டும். பக்கெட் தோற்றார். சான்டோபெல்லோவில் நிரூபிக்கத் தேவையில்லாத தீங்கு, ஆட்சேபிக்காதவருக்கு மட்டும் நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது.

ஆகவே அரசு வழக்கறிஞரின் பேச்சு திசை மாறும் கணத்தில் எழுந்து, ஒப்பந்தத்தின் பத்தி எண்ணைச் சொல்லி, ‘இது மீறல்’ என்ற சொல்லையே பயன்படுத்தி ஆட்சேபிக்க வேண்டும். ‘அரசு கடுமையாகப் பேசுகிறது’, ‘இது நியாயமில்லை’ என்பதெல்லாம் போதாது. அதோடு நிறுத்தாமல், என்ன பரிகாரம் வேண்டும் என்றும் கேட்க வேண்டும்: வேறு நீதிபதி முன் புதிய தண்டனை விசாரணை, அல்லது ஒப்புதலைத் திரும்பப் பெறுதல். அரசின் எழுத்து மனுவிலேயே மீறல் தென்பட்டால் விசாரணை நாள் வரை காத்திருக்கக் கூடாது. உடனே எழுத்தில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். தண்டனை சொல்லி முடிந்த பிறகு நீதிபதி ‘வேறு ஆட்சேபணை உண்டா’ என்று கேட்டால், அப்போதும் ஒரு முறை பதிவு செய்வது நல்லது.

அரசு வழக்கறிஞர் அங்கேயே ‘மன்னிக்கவும், திரும்பப் பெறுகிறேன்’ என்றால்? இங்கே நீதிமன்றங்கள் பிரிகின்றன. தெளிவாகவும் முழுமையாகவும் திரும்பப் பெற்றதை ஐந்தாவது சர்க்கியூட் ஏற்றிருக்கிறது (பர்சர், 2014). ஒன்பதாவது சர்க்கியூட் ஆல்காலா-சான்செஸ் வழக்கில் (2012) ஏற்கவில்லை. அதிகத் தண்டனையைக் கேட்ட பிறகு பழைய எண்ணுக்குத் திரும்பியது போதாது என்றது. என் கருத்தில் இரண்டாவது நிலையே சரியானது. கேட்ட வாதத்தை நீதிபதியால் கேட்காததாக ஆக்கிக்கொள்ள முடியாது. வேறு நீதிபதி என்ற பரிகாரத்தை சான்டோபெல்லோ சொன்னதும் அதனால்தான். எப்படியானாலும், அரசு பின்வாங்கினால்கூட எதிர்த்தரப்பு தன் ஆட்சேபணையைக் கைவிடவில்லை என்று பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எந்தப் பரிகாரத்தைக் கேட்பது என்பதில் அவசரம் கூடாது. ஒப்புதலைத் திரும்பப் பெறுவது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அப்போது ஒப்பந்தமே போய்விடும், கைவிடப்பட்ட குற்றச்சாட்டுகள் திரும்பி வரும், கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றச்சாட்டு அதில் இருந்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும். பெரும்பாலானோருக்கு உகந்தது ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்வது: வேறு நீதிபதி, வாக்களித்தபடி பரிந்துரை. அந்த நீதிபதியும் பரிந்துரைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதைக் கட்சிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பரிந்துரை மட்டும் கொண்ட ஒப்பந்தத்தை நீதிபதி ஏற்காவிட்டால் ஒப்புதலைத் திரும்பப் பெற முடியாது. குறிப்பிட்ட தண்டனையை நிர்ணயித்து நீதிபதியைக் கட்டுப்படுத்தும் வகை ஒப்பந்தத்தை நீதிபதி நிராகரித்தால் அந்த உரிமை உண்டு.

தண்டனைக்குப் பிறகு ஃபெடரல் வழக்கில் மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாட்களே உள்ளன. ‘மேல்முறையீட்டு உரிமையைக் கைவிட்டுக் கையெழுத்துப் போட்டாயிற்றே’ என்று அதை விட்டுவிட வேண்டாம். அரசே ஒப்பந்தத்தை மீறியது என்ற வாதத்தை அந்தக் கைவிடல் தடுப்பதில்லை. விசாரணையின் முழு எழுத்துப்பதிவை வாங்கி, அரசு வழக்கறிஞர் சொன்னதை வரி வரியாக ஒப்பந்த வாசகத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் ஆட்சேபிக்கத் தவறியிருந்தால், அவர் உதவி போதுமானதாக இல்லை என்ற அடிப்படையில் தீர்ப்பு இறுதியானதிலிருந்து ஓராண்டுக்குள் தனி மனு போடலாம். அங்கும் தண்டனை வேறாக இருந்திருக்கும் என்பதற்கான நியாயமான வாய்ப்பைக் காட்ட வேண்டியிருக்கும்.

கட்சிக்காரர் முதலில் மீறியிருந்தால் அரசு விடுபடும்: புதிய குற்றம், தலைமறைவு, பொய்ச் சாட்சியம், ஒப்புக்கொண்ட எண்ணுக்குக் கீழே கேட்பது. ஆனால் மீறல் நடந்ததா என்பதை அரசு தானே முடிவு செய்துகொண்டு கடும் வாதத்தில் இறங்க முடியாது. நீதிபதியிடம் முன்கூட்டிச் சொல்லி, ஆதாரம் காட்டி, தீர்மானம் பெற வேண்டும்.

இன்னும் கையெழுத்திடாதவர்கள் கேட்டு வாங்க வேண்டிய வாசகம் ஒன்று உண்டு. ‘பரிந்துரைக்கும்’ என்பதோடு, ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ, எழுத்திலோ வாய்மொழியிலோ, வேறு தண்டனை பொருத்தமானது என்று அரசு உணர்த்தாது’ என்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள். உண்மைகளைச் சொல்லும் உரிமைக்கு, ‘நீதிபதியின் கேள்விக்குப் பதிலாகவும் தவறான தகவலைத் திருத்தவும் மட்டும்’ என்ற எல்லையைக் கேளுங்கள். அந்த அரசு வழக்கறிஞர் மாறினாலும் ஒப்பந்தம் அலுவலகத்தைக் கட்டும். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அந்த ஒரு மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தை மட்டுமே கட்டும் என்று எழுதியிருக்கும், வேறு மாவட்டத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அதையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன எதையும் நம்ப வேண்டாம். ‘இதற்கு வெளியே எந்த வாக்குறுதியும் இல்லை’ என்ற வரி அதை அழித்துவிடும். ஒப்புதல் நாளில் நீதிபதியும் சத்தியத்தின் கீழ் அதையே கேட்பார். வேறு வாக்குறுதி இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.